மேற்படி

இரண்டு கீற்று, அவ்வளவுதான்.
இறகுப் பேனா ஒருமுறை தொட்டு
இன்னொருமுறை தொட்டு எழுந்த தடம்.
ரெட்ரூத் ஆவணக்கூடத்தில்
ஜெனிபர் ட்ரெம்பாத் அதைத் திரையில் பெரிதாக்கினால்
கொசு உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது, ஆகஸ்ட்.
வெள்ளீயச் சுரங்கத்துக்கு மேலே இருந்த கோவிலின்
அடக்கப் பதிவேடு.
பெயர். வயது. வீடு. காரணம்.
முதல் வரியில் காரணம் முழுசாக இருக்கிறது: காலரா.
அழகான கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு வால்கூட.
அடுத்து ஹாக்கிங், வயது முப்பது: டிட்டோ.
ஹாக்கிங்கின் மனைவி: டிட்டோ.
பெயர் வைக்காத குழந்தை: டிட்டோ.

நம் கணக்கில் இதை மேற்படி என்போம்.
படி என்றால் நகல்.
படி என்றால் ஏறுகிற படியும்தான்.
இந்தப் பக்கத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள்.

அவளுக்குக் கொடுத்திருக்கும் விதி ஒன்பது:
குறியைக் குறியாக அடிக்க வேண்டாம்,
மேலே உள்ளதைக் கீழே முழுதாக விரித்து எழுதுக.
விரிக்கிறாள்.
ஆங்கிலத்தில் அந்த நோய்க்கு ஏழு எழுத்து.
ஒரு பிணத்துக்கு ஏழு தட்டு.
நகலெடுத்து ஒட்டிவிடலாம், இரண்டு விரல் போதும்.
ஏனோ செய்யவில்லை.
மணிக்கட்டு வலிக்கிறது.

மதியம் பாஸ்டியைக் கடித்துக்கொண்டே அகராதி பார்த்தாள்.
டஸ்கனிக்காரச் சொல்லாம்.
வியாபாரி ஒருவன் ஜனவரி மூன்று என்று எழுதிவிட்டு
அப்புறம் ஏழு, சொன்ன மாதம்
பதினெட்டு, சொன்ன மாதம் என்று
மை மிச்சம் பிடித்திருக்கிறான்.
'சொன்ன' என்பதுதான் டிட்டோ.
அதற்கும் அடியில் லத்தீன், சொல்லுதல் என்கிற வினை.
கடல் தாண்டும்போது மாதத்தை உதறிவிட்டு
ஆங்கிலத்தில் இறங்கியபின்
எதை வேண்டுமானாலும் தூக்கிச் சுமந்தது:
எண்ணெய்ப் பீப்பாய், பழைய கடன்.
ஒரே துணியில் தைத்த கோட்டுக்கும் கால்சட்டைக்கும்
ஒரு காலத்தில் அதுவே பெயர்.

"எங்கள் பள்ளியில் அது ஒரு இயந்திரம்" என்றார்
பக்கத்து மேசை வெர்லன். ஒஹாயோவில் படித்தவர்.
"கைப்பிடியைச் சுற்றினால் ஊதா எழுத்து வரும்.
கேள்வித்தாளை முதலில் முகர்வோம்,
கணக்கெல்லாம் அப்புறம்தான்."
அவர் இன்னும் முகர்ந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

சொன்னது.
யார் சொன்னது?
மேலே கிடப்பவன் சொன்னதையேதான்
கீழே கிடப்பவளும் சொன்னாளா?
ஒருவன் தண்ணீர் என்றிருப்பான்.
ஒருத்தி, அந்த ஆட்டை உள்ளே கட்டு என்றிருப்பாள்.
காரணக் கட்டம் சிறியது.

பதினான்காம் பக்கம், இருபத்து மூன்றாம் வரி.
கிரேஸ் நான்கெர்விஸ், வயது நான்கு.
இங்கே கீற்று இல்லை.
ஏழு எழுத்தும் இருக்கின்றன,
ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு.
கடைசி எழுத்துக்கு வால் இல்லை.
பக்கத்தின் அடியில் எழுத்தரின் கையொப்பம்:
ஸக்கரயாஸ் நான்கெர்விஸ்.
இருபத்து நான்கிலிருந்து மறுபடி கீற்று, கீற்று.
அதற்குமேல் செத்தவர்கள் எல்லோரும்
கிரேஸுக்கு மேற்படி.

ஜெனிபர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.
விதி ஒன்பதால்
ஹாக்கிங்குக்கு அவன் சாவு திரும்பக் கிடைத்தது,
அவன் மனைவிக்கும் குழந்தைக்கும்கூட.
அதே விதியால்
இருபத்து மூன்றாம் வரி இனி
இருபத்து இரண்டைப்போல, இருபத்து நான்கைப்போல
இருக்கப்போகிறது.
தகப்பன் சுருக்கி எழுத மாட்டேன் என்றது
எந்தத் தேடலிலும் அகப்படாது.

குறிப்புக் கட்டம் நாற்பது எழுத்துத்தான் கொள்ளும்.
எழுதினாள், அழித்தாள்.
'முழுதாக எழுதியது' என்று மட்டும் விட்டாள்.
மேலாளர் கேட்பார், எல்லாம் முழுதாகத்தானே இருக்கிறது என்று.

"தேநீர்," வெர்லன் எழுந்தார். "எனக்குப் போடுகிற மாதிரியே உனக்கும்?"
இல்லை, என்றாள்.
பால் கொஞ்சம். சர்க்கரை வேண்டாம்.
கோப்பை அந்த விளிம்பு உடைந்தது.